வட்டத்தொட்டிக்கு முதலில் வந்தவர்கள்

குற்றாலத்து அருவிக்கு யாரும் அழைப்பிதழ் அச்சடிப்பதில்லை. ஜூன் மாதம் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலைத் தூவத் தொடங்கியதும், தென்காசிச் சாலையில் கூட்டம் தானாகவே வந்து நிறைகிறது. ஆனால் ஒரு மனிதர் தம் வீட்டு முற்றத்தில் பாயை விரித்துப் போட்டு, "வாருங்கள், பேசிக்கொண்டிருக்கலாம்" என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? முதல் வாரம் வந்தவர் மறுவாரமும் வருவாரா?

உங்களில் சிலர் பள்ளியிலோ ஊரிலோ ஓர் அறிவியல் மன்றம் தொடங்கிப் பார்த்திருப்பீர்கள். தொடக்க விழாவுக்கு நூறு பேர் வருவார்கள். மாலையும் உண்டு, புகைப்படமும் உண்டு. இரண்டாவது கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். மூன்றாவது கூட்டத்தில் செயலாளரும் பொருளாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது கூட்டம் நடப்பதே இல்லை.

இது ஏன் நேர்கிறது? ஒரு கூட்டம் கூடி நிலைப்பதற்கும் ஒரு படிகம் கரைசலில் உருவாவதற்கும் ஒற்றுமை உண்டு என்றால் நம்புவீர்களா? அந்த ஒற்றுமையைக் காண, நெல்லைச் சீமையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கூடிய ஒரு சபைக்குப் போய் வருவோம்.

தொட்டிக்கட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

தென்காசியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். 'ரசிகமணி டி.கே.சி.' என்றால் தமிழ்நாடு முழுவதும் அறியும். சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர். ஆனால் அவருடைய மனம் கட்சிக்காரர்களின் கட்டுகளைவிடக் கம்பனின் பாட்டுகளிலேயே தோய்ந்திருந்தது. அவர் வீடு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் வட்ட வடிவமான ஒரு தொட்டிக்கட்டு. 1924-ஆம் ஆண்டு வாக்கில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அங்கே வந்து உட்காரத் தொடங்கினார்கள். அவர்கள் கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகவும் ஆயிற்று: வட்டத்தொட்டி.

இது பதிவு செய்யப்பட்ட சங்கம் அன்று. சந்தா இல்லை; மேடை இல்லை. டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். அதை ஒருமுறை சொல்வார், மறுபடியும் சொல்வார், சொல் எங்கே அழுந்துகிறது, ஓசை எங்கே ஏறி இறங்குகிறது என்று காட்டி மீண்டும் சொல்வார். கேட்பவர் மனத்தில் பாட்டின் உணர்ச்சி தானாகவே வந்து நிற்கும். பிறகு பேச்சு கம்பனிலிருந்து திருக்குறளுக்குப் போகும், முத்தொள்ளாயிரத்துக்குப் போகும், அங்கிருந்து இசைக்கும் பரதத்துக்கும் தாவும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இலக்கியக் கூட்டம் என்றால் புலவர்கள் கூடும் இடம். இலக்கணம் அறியாதவன் அங்கே வாய் திறக்க அஞ்சுவான். டி.கே.சி.யின் முற்றத்தில் அந்த அச்சத்துக்கு வேலையில்லை. நன்னூல் படித்திருக்க வேண்டியதில்லை; பாட்டை அனுபவிக்கத் தெரிந்தால் போதும். வக்கீலும் வரலாம், வாத்தியாரும் வரலாம், கல்லூரி மாணவரும் வரலாம். அப்படி வந்த இளைஞர்களில் ஒருவர் 1904-இல் பிறந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். பிற்காலத்தில் மாவட்ட ஆட்சியராக உயர்ந்தவர். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' என்ற நூல் வரிசையை எழுதியவர். வட்டத்தொட்டியில் கலந்துகொண்ட இன்னொருவர் பேராசிரியர் அ. சீநிவாசராகவன். அவருடைய 'வெள்ளைப் பறவை' என்ற கவிதை நூல் 1968-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது.

பெரியவர்களான பிறகு இவர்களைப் பற்றிச் சொல்வது எளிது. ஆனால் முதன்முதலில் வந்தபோது இவர்கள் பெயர் தெரியாத இளைஞர்கள். அவர்களை வரவழைத்தது எது?

ஒருவருடைய தயக்கம்

1978-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் ஓர் எளிய கணக்கை வெளியிட்டார். ஒரு கூட்டத்தில் சேர ஒவ்வொருவருக்கும் ஒரு தயக்கம் உண்டு. "இன்னும் எத்தனை பேர் வந்தால் நானும் வருவேன்" என்று ஒவ்வொருவரும் தம்மை அறியாமலேயே ஓர் எண்ணை மனத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத் 'தயக்க எண்' என்று நாம் அழைப்போம்.

ஓர் ஊரில் பத்துப் பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய தயக்க எண்கள் முறையே 0, 1, 2, 3 என்று 9 வரை. தயக்க எண் 0 உள்ளவர் யாரும் வராவிட்டாலும் வருவார். அவர்தாம் கூட்டத்தைத் தொடங்குபவர். அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தயக்க எண் 1 உள்ளவர் வருவார். இருவரைப் பார்த்து மூன்றாமவர், மூவரைப் பார்த்து நான்காமவர் என்று கடைசியில் பத்துப் பேரும் வந்துவிடுவார்கள்.

இப்போது ஒரே ஒரு சிறு மாற்றம் செய்வோம். தயக்க எண் 1 உள்ளவருக்குப் பதிலாக, 2 உள்ள ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். மற்ற எல்லாரும் அப்படியே. என்ன நடக்கும்? தொடங்குபவர் வந்து உட்காருவார். அடுத்து வர ஆள் இல்லை; ஏனெனில் மற்றவர் அனைவரும் குறைந்தது இருவரையாவது அங்கே பார்க்க வேண்டும். கூட்டம் ஒருவரோடு நின்றுவிடும்! முதல் ஊருக்கும் இரண்டாவது ஊருக்கும் ஆர்வத்தில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. ஆயினும் ஓர் ஊரில் மன்றம் தழைக்கிறது; மற்றதில் பாய் காலியாகக் கிடக்கிறது. "எங்கள் ஊர் மக்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். அது பல சமயம் உண்மையன்று. குறைவது ஊரின் ஆர்வம் அன்று, இரண்டாவது ஆள்.

ஆகையால் கூட்டம் தொடங்குபவர் முதலில் தேட வேண்டியது நூறு பேரை அன்று, அந்த இரண்டாமவரை. டி.கே.சி. போன்றவருக்கு இது எளிதாக வாய்த்தது. நீதிமன்ற நண்பர்கள், உறவினர்கள், ஊர்க்காரர்கள் என்று பலர் வழக்கமாக வந்துபோகும் வீடு அது. "அங்கே யாராவது இருப்பார்கள்" என்ற நம்பிக்கை புதிதாக வருபவருக்கு இருந்தால், அவருடைய தயக்க எண் பாதியாகக் குறைந்துவிடும். அதோடு அந்த வீட்டு உபசாரம் பெயர் பெற்றது. இலையில் அமர்ந்து உண்டவர் மறுவாரம் வரத் தயங்குவாரா?

பனங்கற்கண்டு கற்பிக்கும் பாடம்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சிறுவர்களுக்குப் பனங்கற்கண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, உள்ளே நூல் கட்டிய பானைகளில் ஊற்றி, பல வாரங்கள் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். பின்னர் திறந்து பார்த்தால் நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டியாகப் படிந்திருக்கும்.

அந்தப் பாகு ஆறியதும் 'அதிதெவிட்டிய கரைசல்' என்னும் நிலையை அடைகிறது. அதாவது, தன்னால் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் அதில் சர்க்கரை இருக்கிறது. அப்படியானால் சர்க்கரை உடனே படிந்துவிட வேண்டுமே? அப்படி நடப்பதில்லை. காரணம் இதுதான்.

படிகத்தின் உள்ளே இருக்கும் மூலக்கூற்றை எல்லாப் பக்கத்து அண்டை மூலக்கூறுகளும் பிடித்துக்கொள்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூற்றுக்கு வெளிப்பக்கத்தில் பிடிப்பு இல்லை. அது எளிதாகக் கழன்று மீண்டும் கரைசலுக்குள் போய்விடும். இப்போது பக்கத்துக்கு மூன்று மூன்றாக 27 சிறு கட்டைகளை அடுக்கி ஒரு கனசதுரம் செய்யுங்கள். அவற்றில் 26 கட்டைகள் மேற்பரப்பில் இருக்கும். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் எல்லாப் பக்கமும் மூடப்பட்டிருக்கும். பக்கத்துக்குப் பத்தாக 1000 கட்டைகளை அடுக்கினாலோ 512 கட்டைகள் உள்ளே பத்திரமாக இருக்கும். 488 மட்டுமே வெளியே. சிறிய திரள் கரைந்துபோவதும் பெரிய திரள் மேலும் வளர்வதும் இதனால்தான். இடையில் ஓர் எல்லை உண்டு. அதை எட்டும் வரை ஒவ்வொரு சிறு படிகமும் கரையும் ஆபத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் தானே வளரும். இதை 'மாறுநிலை அளவு' என்பார்கள்.

நூல் எதற்கு? மூலக்கூறுகள் வந்து பற்றிக்கொள்ள அது ஆயத்தமான ஒரு பரப்பைத் தருகிறது. வெறும் பாகில் தாமாகத் திரள முடியாதவை நூலின் மேல் திரள்கின்றன.

புதிய கூட்டமும் இப்படித்தான். மூன்று பேர் உள்ள கூட்டத்தில் எல்லாருமே ஓரத்தில் இருப்பவர்கள். ஒருவருக்குத் தலைவலி வந்தால் கூட்டம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால், இருவர் வராவிட்டாலும் பேச்சு நடக்கும், வராத இருவரும் "போன வாரம் என்ன பேசினீர்கள்?" என்று விசாரித்துக்கொண்டு மறுவாரம் வருவார்கள். அந்த எல்லையை எட்டும் வரை பிடித்து வைத்திருக்க ஒரு நூல் தேவை. வட்டத்தொட்டியில் அந்த நூல் மாறாத நாள், மாறாத இடம், கையில் ஒரு பாட்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. பாகைச் சட்டென்று குளிர வைத்துக் கிளறினால் என்ன ஆகும்? ஒரே சமயத்தில் எங்கும் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் தோன்றி, கற்கண்டுக்குப் பதிலாகப் பொடிச் சர்க்கரை கிடைக்கும். தொடக்க விழாவுக்கு ஆயிரம் பேரைக் கூட்டுவதும் அதுபோலத்தான். பொதுக்கூட்டம் கிடைக்கும், மன்றம் கிடைக்காது.

இலண்டனில் பன்னிரண்டு பேர்

உலகின் புகழ்பெற்ற விஞ்ஞானச் சங்கமும் சிறிய வட்டமாகவே தொடங்கியது. 1640-களின் நடுவிலிருந்தே இலண்டனில் சில நண்பர்கள் இயற்கையைப் பற்றிப் பேசக் கூடிவந்தார்கள். 1660-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் ஆற்றிய சொற்பொழிவுக்குப் பின், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ராபர்ட் பாயிலும் ஜான் வில்கின்சும் அவர்களில் இருவர். வாரந்தோறும் புதன்கிழமை கூடுவது. சேரும்போது பத்து ஷில்லிங், பிறகு வாரம் ஒரு ஷில்லிங் கொடுப்பது. இதுவே ராயல் சொசைட்டியின் பிறப்பு.

அன்றே அவர்கள் மற்றொரு காரியமும் செய்தார்கள். சேர்ந்தால் நல்லது என்று தங்களுக்குத் தோன்றிய நாற்பது பேரின் பெயர்களை எழுதினார்கள். ஊர் முழுவதும் தண்டோரா போடவில்லை. யார் வேண்டும் என்று பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். 1662-இல் ராபர்ட் ஹூக்கைச் சோதனைகளின் பொறுப்பாளராக நியமித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று நான்கு சோதனைகளைச் செய்து காட்டுவது அவர் கடமை. வருபவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது அல்லவா? டி.கே.சி.யின் கையில் பாட்டு. ஹூக்கின் கையில் காற்றுப் பம்பும் நுண்ணோக்கியும். வேலை ஒன்றுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் நகரில் 'நிலாச் சங்கம்' ஒன்று இருந்தது. ஜேம்ஸ் வாட், மாத்யூ போல்ட்டன், ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். பௌர்ணமியை ஒட்டிய நாளில் கூடுவார்கள். காரணம், கூட்டம் முடிந்து வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டும்! தெருவிளக்கு இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று எண்ணிப் பாருங்கள். உறுப்பினரை ஈர்ப்பது பெரிய கொள்கை மட்டும் அன்று. இருட்டில் வீட்டுக்குப் போக வழியும் வேண்டும்.

கல்கத்தாவில் ஒரு காத்திருப்பு

நம் நாட்டில் ஒருவர் இதே முயற்சியில் பட்ட பாடு நெஞ்சைத் தொடுவது. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் இருந்தார். இந்தியர்கள் தாமே விஞ்ஞானம் கற்று ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்று 1869-இல் எழுதினார். ஏழு ஆண்டுகள் நன்கொடை திரட்டி, 1876-ஆம் ஆண்டு பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். சொற்பொழிவுகள் நடந்தன, கருவிகள் வந்தன. ஆனால் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. 1904-இல் அவர் அந்த ஏமாற்றத்துடனேயே இறந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1907-இல், நிதித்துறையில் வேலை ஏற்றுக் கல்கத்தா வந்த தமிழ் இளைஞர் ஒருவர் அந்தக் கழகத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். அவர் சி.வி. இராமன். அலுவலகத்துக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்தார். அவரைச் சுற்றி மாணவர்கள் சேர்ந்தார்கள். 1920-களில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவு அங்கேதான் கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

பாகு பல ஆண்டுகளாகத் தயாராகவே இருந்தது. நூலும் தொங்கியது. திரளின் முதல் மூலக்கூறு வருவதற்கு முப்பத்தோராண்டுகள் ஆயின. சர்க்கார் தம் கழகத்தை மூடிவிட்டுப் போயிருந்தால் இராமன் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

எத்தனை பேர் போதும்?

கூட்டம் பெரிதாக ஆக நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசக்கூடிய இணைகள் 3. பன்னிரண்டு பேர் இருந்தால் 66 இணைகள். அறுபது பேர் என்றால் 1770 இணைகள்! உறுப்பினர் எண்ணிக்கையை அதிலிருந்து ஒன்று குறைத்துப் பெருக்கி, இரண்டால் வகுத்தால் இந்த விடை வரும். ஆள் சேரச் சேர உறவுகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன. கூட்டம் தானே வளர்வதன் இரகசியம் இதில் இருக்கிறது.

ஆனால் கடிகாரம் வளர்வதில்லை. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் சமமாகப் பேசினால் ஆளுக்குப் பத்து நிமிடம். அறுபது பேர் என்றால் இரண்டே நிமிடம். ஒரு பாட்டைச் சொல்லி முடிக்கவே அது போதாது. ஆகவே கூட்டம் பெருத்ததும் சிலர் பேசுவார்கள், பலர் கேட்பார்கள். பேச வந்தவன் கேட்பவனாகிவிடுவான். வட்டமாக உட்காரும் முற்றத்துக்கு அதன் சுவரே ஓர் எல்லை. வட்டத்தில் கடைசி வரிசை என்று ஒன்று இல்லை. அந்த வசதியை இழக்காதபடி கூட்டம் இருந்தது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து குற்றாலத்துக்கு

1920-களின் இறுதியில் டி.கே.சி. சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். பின்னர் அறநிலைய வாரியத்தின் ஆணையர் பொறுப்பும் வந்தது. அழைத்தவர் ஊரில் இல்லை; திருநெல்வேலியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்தது. ஒரு மனிதரைச் சுற்றிய கூட்டத்துக்கு உள்ள ஆபத்து இது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பதவிக் காலத்துக்குப் பின் அவர் தம் சொந்தச் சீமைக்கே திரும்பினார். குற்றாலத்து வீடு புதிய வட்டத்தொட்டி ஆயிற்று. இந்த முறை பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும் அல்லர். இராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டு விருந்தாளிகள் ஆனார்கள். பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கிய எஸ். மகராஜனும் இந்த வட்டத்தவரே. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் கிராமத்திலிருந்து இருபதுகளில் இருந்த இரு நண்பர்களும் வந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். பின்னாளில் இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்ற எழுத்தாளர்கள்.

அவ்வளவு தொலைவிலிருந்து ஆட்கள் எப்படி வந்தார்கள்? மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, இரயில். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை 1904-இலேயே பாதை முழுமையடைந்துவிட்டது. தென்காசியில் இறங்கினால் குற்றாலம் கூப்பிடு தூரம். இரண்டாவது, அருவி. சாரல் காலத்தில் குளிக்க வருகிறவர் பாட்டும் கேட்டுப் போகலாம். மூன்றாவது, கடிதம். டி.கே.சி. சளைக்காமல் கடிதம் எழுதுபவர். அவருடைய கடிதங்கள் பின்னர் நூல்களாகவே வந்திருக்கின்றன. பொது அறிவிப்பைப் படிப்பவன் "இது யாருக்கோ" என்று எண்ணுவான். தன் பெயர் எழுதி வரும் கடிதத்தைப் படிப்பவன் அப்படி எண்ண முடியாது. அவனுடைய தயக்க எண் அங்கேயே குறைந்துவிடுகிறது.

ராயல் சொசைட்டியிலும் இந்த வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க், ஐரோப்பா முழுவதிலும் உள்ள அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்தே 1665-இல் அச்சங்கத்தின் ஆய்விதழ் பிறந்தது.

இரு குறைகள்

வரலாறு எழுதும்போது குறைகளையும் சொல்ல வேண்டும். கம்பராமாயணத்தில் பல பாடல்கள் இடைச்செருகல் என்று டி.கே.சி. முடிவு செய்தார், சில இடங்களில் பாடத்தையும் மாற்றினார். ஏடுகளை ஒப்பிட்டு ஆராயும் புலவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். "உள்ளத்துக்குப் பட்டது" என்பது விஞ்ஞான முறையில் சான்று ஆகாது. ஒரே சுவையுடையவர்கள் கூடும் கூட்டத்தில் எதிர்க் கேள்வி எழுவது அரிது. ராயல் சொசைட்டியினர் யாருடைய சொல்லையும் அப்படியே ஏற்பதில்லை என்பதைத் தங்கள் குறிக்கோள் வாசகமாகவே வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் சேர்க்கும்போது "நமக்குப் பிடித்தவர்" என்று மட்டும் பார்த்தால் இந்த அபாயம் உண்டு.

இரண்டாவது குறை, யார் வெளியே நின்றார்கள் என்பது. வட்டத்தொட்டியின் பெயர்களைச் சொல்லும்போது பெரும்பாலும் படித்த ஆண்களின் பெயர்களே வருகின்றன. ராயல் சொசைட்டியின் கதையும் இதேதான். 1660-இல் தொடங்கிய சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1945-இல். படிக ஆய்வாளர் கேத்லீன் லான்ஸ்டேலும் உயிர்வேதியியலறிஞர் மார்ஜரி ஸ்டீபன்சனும் அந்த ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 285 ஆண்டுகளில் எத்தனை அறிவு வாசலிலேயே நின்று திரும்பியதோ! தயக்க எண் எவ்வளவு குறைந்திருந்தாலும், அழைக்கப்படாதவர் வர முடியாது.

டி.கே.சி. 1954-இல் மறைந்தார். அவர் முற்றத்தில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. கடிதங்களும், கட்டுரைகளும், கேட்டவர்கள் எழுதி வைத்த நினைவுகளும் எஞ்சின. இலண்டனிலோ ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பும் எழுதப்பட்டது. ஆகவே 1660-இன் அந்தப் புதன்கிழமைகளை இன்றும் நாம் படிக்க முடிகிறது.

நீங்கள் தொடங்கினால்

இனி உங்கள் மன்றத்துக்கு வருவோம். தொடக்க விழாவை மறந்துவிடுங்கள். முதலில், உங்களைப் போலவே ஆர்வமுள்ள ஒருவரைத் தேடுங்கள்; அவர்தாம் அந்த இரண்டாவது ஆள். இருவரும் உட்கார்ந்து, யார் யார் வந்தால் நன்றாக இருக்கும் என்று பத்துப் பெயர்களை எழுதுங்கள். அந்தப் பட்டியலில் பெண்கள் இருக்கிறார்களா, அடுத்த தெருவினர் இருக்கிறார்களா, உங்களோடு கருத்து வேறுபடுபவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பெயர் சொல்லி அழையுங்கள்.

நாளையும் நேரத்தையும் ஒருமுறை தீர்மானித்தால் மாற்றாதீர்கள். மூன்று பேர் வந்தாலும் கூட்டம் நடக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கையில் ஏதாவது ஒன்றோடு போங்கள்: ஒரு பூதக் கண்ணாடி, ஒரு பாறைத் துண்டு, விடை தெரியாத ஒரு கேள்வி. வருபவர் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்பதையும் யோசியுங்கள். குடிக்க ஒரு குவளை சுக்குக் காப்பி இருந்தால் இன்னும் நல்லது. பேசியதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதை எழுதும் பொறுப்பை ஆளுக்கு ஒரு வாரம் என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். அப்போதுதான், தொடங்கியவர் வெளியூர் போய்விட்டாலும் மன்றம் கலையாமல் இருக்கும்.

முதல் ஐந்தாறு வாரங்கள் மனம் சோரும். பானையைத் திறந்து திறந்து பார்க்கத் தோன்றும். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. நூலைக் கட்டிவிட்டு, பானையை அசைக்காமல், நாள் கணக்கைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.